அடுத்த அறை

கோயம்புத்தூர்
10.6.2024

அம்மாவுக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

உன் நம்பரை நான் ஏன் பிளாக் செய்தேன் என்று பக்கத்து வீட்டு ரஞ்சிதா அக்காவிடம் கேட்டு அழுதாயாம். தெரியாமல்தான் கேட்டாயா? நான் போனை எடுக்கவில்லை என்று ஹாஸ்டல் வார்டனுக்கு அடித்தாய். மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். வார்டன் கையில் சாம்பார் வாளி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார். “எம் மகளக் கூப்புடுறீ... பெரிய ஆபீசரு... பெத்தவ போன எடுக்க மாட்டாளாக்கும்” என்று நாக்குக் குழற நீ பேசியதை மெஸ் முழுக்கக் கேட்டது. பிறகு பாட்டு வேறு. நான் தட்டைக் கழுவப் போவதுபோல எழுந்து போனேன். இந்த மெஸ்ஸில் உப்பு வேண்டுமென்றால்கூட நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே உப்பை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

இனிமேல் போன் கிடையாது. எழுது. குடித்துவிட்டுப் போனில் பேசலாம். குடித்துவிட்டு ஒரு பக்கம் எழுத முடியாது. நீ எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கோணினால் எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. குடியை விட நினைக்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டங்கள் நம் மாவட்டத்திலேயே நடக்கின்றன. மருந்து இல்லை, கட்டணம் இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேரை மட்டும் சொல்லி அவரவர் கதையைச் சொல்வார்களாம். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பல இடங்களுக்குப் போன் செய்து விசாரித்தேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “யாருக்கும்மா, அப்பாவுக்கா?” நான் “ம்” என்றேன்.

அரிமளத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கிறது. நம் ஊரிலிருந்து ஒரே பஸ். போ. போகாவிட்டால் ஆடி அமாவாசைக்கு வரமாட்டேன். அப்பாவுக்கு நீயே படையல் போட்டுக்கொள்.

சுடர்விழி

*

19.6.2024

சுடருக்கு அம்மா எழுதுவது.

வரி கோணித்தான் இருக்கும். குடியால் இல்லை. கண்ணாடிக் காம்பு உடைந்து கிடக்கிறது. தபால் ஆபீசில் இன்லேண்டு லெட்டர் கேட்டால் அங்கே இருக்கிற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்க்கிறது. “ஆருக்கும்மா கடுதாசி, கோர்ட்டுக்கா?” என்கிறது. மகளுக்கு என்றேன். சிரித்துவிட்டது. எல்லாம் உன்னால்.

நீ எனக்கு மகளா, மாமியாரா? பெற்றவளைப் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். அதைக் கேட்டால் ஆர்டர் போடுகிறாய். உன் ஆபீசில் உனக்கு ஆர்டர் போடுகிறவன்மேல் உள்ள கோபத்தை என்மேல் காட்டாதே.

நீ சொன்ன இடத்துக்குப் போனேன். வாசலில் கிடந்ததெல்லாம் ஆம்பளைச் செருப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் உட்கார்ந்திருக்கிறான் மூக்கன். எங்கள் மேஸ்திரி மூக்கன்! தைலமரக் காட்டில் பட்டை உரித்து முடித்ததும், “மேல்வலிக்கு ஆளுக்கொரு மூடி ஊத்திக்கங்கடி, காலையில வேலைக்கு வரணும்ல” என்று எங்களை வரிசையாக நிற்கவைத்து ஊற்றிப் பழக்கினானே, அவனேதான். கையில் டீ கிளாஸ். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“ஏ மருதாயி, நீ எங்க இங்கிட்டு?”

“சமையலுக்கு ஆள் வேணும்னாக. அதான்.”

“இன்னைக்கு விசேசம் ஒண்ணுமில்லயே. நானும் சும்மா... பாத்திரம் எடுக்கத்தான் வந்தேன்.”

பாத்திரமாம். அவன் பொய்யை நான் நம்பினேன். என் பொய்யை அவன் நம்பினான். ஆளுக்கொரு பக்கம் நடையைக் கட்டிவிட்டோம். இனி அங்கே போனால் வேலைக்காட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். பேரை மட்டும் சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பக்கத்தில் பேரைச் சொன்னால் ஊர், தெரு, யார் பொண்டாட்டி எல்லாம் தன்னால் வரும். பட்டம் வாங்கியவளுக்கு இது தெரியாதா?

அம்மா

*

கோயம்புத்தூர்
24.6.2024

அம்மா,

பாத்திரம் எடுக்க வந்தவர், சமையலுக்கு வந்தவள். படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. இப்படித்தான் ஒவ்வொரு முறையும் எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு நீ தப்பித்துக்கொள்வாய். அப்பாவிடமும் அதையேதான் செய்தாய்.

டாக்டர் உன் ஈரல் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. “ஈரல் பாதி போயிருச்சு. இப்படியே குடிச்சாங்கன்னா அடுத்த தடவை என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க” என்று உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். நீ பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பொன்னமராவதியில் சனிக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்புவதற்குள் இருட்டிவிடும். புதுக்கோட்டையில் ஞாயிறு நாலு மணிக்கு ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியில். ஜெபக்குமார் என்பவர் நடத்துகிறார். டவுனில் உன்னை யாருக்கும் தெரியாது. அங்கே போ. போவதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள். குடியைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காதாம்.

சுடர்விழி

*

9.7.2024

சுடருக்கு,

இரண்டு ஞாயிறு போய்விட்டேன். இந்த இடம் எனக்குச் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் பொம்பளைகள்தான். ஃபேன் ஓடுகிறது, நாற்காலி இருக்கிறது, இஞ்சி தட்டிப்போட்ட டீ கொடுக்கிறார்கள். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் நடத்துகிறார். திலகவதி என்று பேர். அவர் பேசினால் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும், ஆனால் அடிக்கமாட்டார். அழகி என்று ஒருத்தி வருகிறாள். மீன் விற்கிறவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் சொன்ன கதைக்கு எல்லாரும் அழுதோம். அழுது முடிப்பதற்குள் அவளே ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாள். நானும் பேசினேன். முதல் நாள் பேரைச் சொன்னதோடு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் பேச்சு வந்துவிட்டது. முழுசாகச் சொல்லவில்லை. ஆனால் நடக்காத எதையும் சொல்லவில்லை.

மூக்கன் இப்போது ஊற்றுவதில்லை. தம்பியை விட்டு ஊற்றுகிறான். எனக்கு நீட்டினால் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். மாத்திரை போட்டும் தூக்கமில்லை. பட்டை உரிக்கும்போது அரிவாள் நழுவுகிறது. இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப் போகிறது. சந்தோசமா இப்போது?

அம்மா

*

கோயம்புத்தூர்
16.7.2024

அம்மா,

இத்தனை பெண்களா? இப்படி ஒரு அம்மா எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று நினைத்து வளர்ந்தவள் நான். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அப்பா குடிப்பதைப் பற்றியாவது தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பேச ஆள் கிடையாது. அந்த அழகிக்கும் என்னைப்போல ஒரு மகள் இருப்பாளா? இருந்தால் அவளை எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னை நம்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமை லீவு தரமாட்டார்கள். ஞாயிறு காலை கிளம்பி நாலு மணிவாக்கில் புதுக்கோட்டையில் இறங்குவேன். நேராகக் கூட்டத்துக்கே வருகிறேன். திலகவதி டீச்சருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது, ஸ்வீட் பாக்ஸை நீட்டிவிட்டு நிற்பேன். நீ பேசிக்கொள்.

சுடர்விழி

*

23.7.2024

சுடருக்கு,

வீட்டுக்கு வா. கூட்டத்துக்கு வராதே. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். படையலை மத்தியானமே போட்டுவிட்டு உனக்கு எடுத்து வைக்கிறேன். சாவி ரஞ்சிதாவிடம் இருக்கும். நான் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

சொல்வதைக் கேள். வராதே.

அம்மா

*

கோயம்புத்தூர்
6.8.2024

மருதாயிக்கு,

அம்மா என்று எழுத இன்று கை வரவில்லை.

வராதே என்று நீ எழுதியதை, மகள் முன்னால் கூச்சப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூடத் தோன்றியது. அதனால்தான் வந்தேன். மாடிப்படி முடியும் இடத்தில் மேசை போட்டு ஜெபக்குமார் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு அறைகள். “யாரும்மா வேணும்?” என்றார். உன் பேரைச் சொன்னேன். “ஓ, மருதாயியம்மா மகளா! இடது பக்கம் போங்க. குடும்பத்தாளுங்க ரூமு அதான்.”

குடும்பத்தாட்கள் என்றால் யார் என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கம்போல வாய் வரவில்லை. வலது பக்க அறையில் ஆண்கள். இடது பக்கத்தில் பெண்கள். நீ நெற்றியில் சிவப்புப் பொட்டோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய். வாசலுக்கு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டவர்தான் திலகவதி டீச்சராக இருக்க வேண்டும்.

“நீதான் சுடரா? வாடா கண்ணு. ஒங்கப்பாவால நீ பட்டதெல்லாம் அம்மா சொல்லிருக்காங்க. பட்டம் வாங்குற அன்னைக்குக் குடிச்சிட்டு வந்து மேடையிலயே விழுந்தாராமே. ஒங்கூடப் படிச்ச பிள்ளைக முன்னால எப்படிடா தாங்குன?”

“அந்த ஆளெல்லாம் ஒரு மனுசனா? தூ!” இது உன் அழகி.

“அப்படிச் சொல்லக் கூடாது அழகி, அது நோயி. ஒரு தடவை அவரக் கூட்டிட்டு வாங்கன்னு நானும் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். வாரேங்கிறாராம், கடைசியில வர மாட்டேங்கிறாராம்.”

எங்கிருந்து கூட்டி வருவாய்? கண்மாய்க்கரையில் எரித்தோமே, அங்கிருந்தா?

மேடையில் விழுந்தது யார்? என் பேரை மைக்கில் கூப்பிட்டதும் “எம் மக, எம் மக” என்று ஏறி வந்து, பூத்தொட்டியோடு சாய்ந்தது யார்? அப்போது அப்பா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறோம், நமக்கு அந்த வாடையே ஆகாது என்பார். நீ குடித்துவிட்டு வந்த நாளெல்லாம் உன் கழுத்திலும் நெஞ்சிலும் தைலம் தேய்த்துவிடுவார். வலிக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். “பக்கத்து வீட்டுக்கு வாடை போகக் கூடாதுல்ல தாயி” என்றார்.

அவரை வயலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்று நீ எந்த நிலையில் கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். கால் நிற்காமல் சரிந்தாய், இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். புருசன்மேல் அவ்வளவு பாசம், மயங்கிவிட்டாள் என்று ஊரே சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உனக்காகக் கட்டிக் காத்த மானத்தை அவர் பிணத்துக்கு முன்னால் எதற்குக் கலைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அதற்கு நீ செய்த கைம்மாறு இது. அமாவாசை அன்று வீட்டில் அவருக்கு வடை பாயசம். டவுனில் அவருக்கு எச்சில்.

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய்க்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறதே. உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஸ்வீட் பாக்ஸை மாடிப்படியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இனி எழுதாதே.

சுடர்விழி

*

14.8.2024

சுடருக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

முதலில் ஒன்று. நீ பஸ் ஏறின அன்றைக்கு நான் குடித்தேன். மறுநாளும் குடித்தேன். எழுத்தைப் பார்த்து நீ கண்டுபிடிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். இப்போது குடிக்காமல்தான் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு அந்த மாடி ஏறினபோது நடந்ததைக் கேள். ஜெபக்குமார் எழுந்து கும்பிட்டார்.

“வாங்கம்மா. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரலையா?”

“இல்லங்க.”

“பரவாயில்ல. நீங்களாவது தைரியமா வந்தீங்களே. குடிக்கிறவங்களோட குடும்பத்தாளுங்க அந்த ரூமு. போங்க, டீ குடிங்க.”

குடிக்கிறது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வலது பக்கத்து ரூமிலிருந்து அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பளை குடித்தால் அது நோய். டீச்சரே சொல்கிறார். பொம்பளை குடித்தால் அதற்கு ஊரில் என்ன பேர் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? போனில் அவர்கள் “அப்பாவுக்கா?” என்று கேட்டபோது நீ “ம்” என்று சொன்னாயே. நீதானே எழுதினாய். உனக்கு வந்த அதே “ம்”தான் எனக்கும் வந்தது. அவர் பேரை முதலில் கொடுத்தவள் நீ. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ரகசியமாகக் கொடுத்தாய். நான் ஆள்முன்னால் கொடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாயா?

இன்னொன்றும் சொல்கிறேன். கேட்டால் இன்னும் கோபம் வரும். வரட்டும். அந்த ரூமில் எல்லாரும் “ஒங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?” என்று கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று இல்லை. இருக்கார். அவர் போனதிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்த வாரம் சாப்பிட்டாரு, தூங்கினாரு, கோவிச்சுக்கிட்டாரு என்று சொல்லச் சொல்ல, அங்கே இருந்த நேரம் மட்டும் அவர் உசிரோடு இருந்தார். அதற்காகத்தான் அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறினதும் பொட்டு வைத்துக்கொண்டேன். கெட்ட பேரோடு இருந்தால் என்ன, இருந்தாரே.

நான் சொன்னதெல்லாம் நடந்தது. செய்தவள் பேரை மட்டும் மாற்றினேன். தட்டை விட்டெறிந்தது, உன் புத்தகத்தை அடுப்பில் போட்டது, உன்னை அடித்தது, மேடையில் விழுந்தது. அவர்கள் காறித் துப்பினது யாரை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் என் மூஞ்சியில்தான் விழுந்தது.

அழகி ஒருநாள் சொன்னாள், புருசன் குடித்துவிட்டுக் கிடந்தால் வாசலில் மீன் கூடையைக் கொண்டுவந்து வைத்துவிடுவாளாம். மீன் வாடையில் சாராய வாடை தெரியாதாம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தைலம் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் அது மேல்வலிக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சுடரு. கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து. அந்த மனுசன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற நிலையில் நான் இல்லை. அவர் பட்டதையெல்லாம் அந்தப் பொம்பளைகள் வாயில்தான் கேட்டேன். தப்பான ரூம்தான். ஆனால் அங்கே உட்காராமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது எங்கே போகச் சொல்கிறாய்? வலது பக்கம் ஆம்பளைகள். இடது பக்கம் குடிகாரர்களைக் கண்டாலே வயிறு எரிகிறவர்கள். எனக்கென்று மூன்றாவது ரூம் அந்த மாடியில் கட்டவில்லை. படித்தவள்தானே, கண்டுபிடித்துச் சொல்.

உன் அம்மா மருதாயி

*

கோயம்புத்தூர்
22.8.2024

அம்மா,

தைலம் பற்றி நீ எழுதிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அது உனக்கும் தெரியாது என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். என் ‘ம்’முக்கு நீ கொடுத்த அடி சரியான அடி. அதையும் வாங்கிக்கொண்டு கோபமாகத்தான் இருக்கிறேன்.

பெண்களுக்குத் தனிக் கூட்டம் நம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்தேன். எனக்குத் தெரிந்தவரை இல்லை. பெரிய நகரங்களில் இருக்கிறதாம். வாராவாரம் நீ போய்வருகிற தூரம் இல்லை. கடைசியில் ஜெபக்குமாருக்கே போன் செய்தேன்.

“சார், ஒங்க கூட்டத்துக்கு லேடீஸ் வர மாட்டாங்களா?”

“குடும்பத்தாளுங்களா நெறையப் பேர் வாராங்கம்மா.”

“குடிக்கிறவங்க?”

“இத்தன வருசத்துல ஒருத்தரும் வந்ததில்லம்மா. நம்ம பக்கம் அந்தப் பழக்கம் கொறச்சல்.”

“வந்தாங்க சார். நீங்கதான் அடுத்த ரூமுக்கு அனுப்பிட்டீங்க.”

அவர் வாயெடுப்பதற்குள் நான் பேசினேன். எனக்குள் எங்கே இருந்தது அவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. “வாசல்ல மேசையப் போட்டு ஒக்காந்துக்கிட்டு பொடவையப் பாத்து ரூம் சொல்றீங்க. இதுவரைக்கும் எத்தன பேர அப்படி அனுப்பியிருப்பீங்க சார்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘யாருக்கும்மா’ன்னு கேட்டிருக்கலாம்ல?” ஆபீஸ் மாடிப்படிக் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் முடித்ததும் ஜெபக்குமார், “வரச் சொல்லுங்கம்மா. ஒரு சேர் போட்டு வைக்கிறேன்” என்றார்.

“சேர் இல்லாததா சார் பிரச்சன?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் பேரை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. வலது பக்க அறைதான் உன் அறை. ஆம்பளைகள் இருந்தால் இருக்கட்டும். அந்த ஸ்கேன் ஆம்பளை பொம்பளை பார்க்கவில்லை. அப்பா பேரையும் எங்கே எடுத்தாயோ அங்கேயே கொண்டுபோய் வை.

சுடர்விழி

*

3.9.2024

சுடருக்கு,

அந்த ஆளை நீ என்ன பேசித் தொலைத்தாய்? ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர் கையை இடது பக்கம் நீட்டப் போனார், பாதியில் மடக்கிக்கொண்டார். “நீங்க... எந்த ரூமும்மா?” என்றார். நேரே நடந்தேன்.

இடது பக்கத்திலிருந்து திலகவதி டீச்சர் கையைக் காட்டினார். “மருதாயி, இங்கிட்டு வாங்க, எடம் போட்டு வச்சிருக்கேன்.” அந்த இடத்தைப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே. அங்கே போய் உட்கார்ந்தால் இன்னும் ஒரு வாரம் அவர் உசிரோடு இருப்பார். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நான் வலது பக்கம் திரும்பினேன். “ஏய், அது ஆம்பளைக ரூமுடி!” என்று அழகி கத்தினாள்.

உள்ளே ஒருவன் நீட்டியிருந்த காலை மடக்கினான். இன்னொருவன் வேட்டியை இழுத்துவிட்டான். பெரியவர் ஒருத்தர், “வீட்டுக்காரரத் தேடுறீகளாம்மா?” என்றார். ஆமா என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முறை வரும்வரை ஒருத்தனும் என் பக்கம் பார்க்கவில்லை.

அந்த இரண்டு ரூமுக்கும் நடுவில் செவரு கிடையாது. பலகைத் தடுப்புத்தான். மேலே திறந்து கிடக்கும். நான் எழுந்து நின்றேன். காட்டில் மரம் சாயும்போது அடுத்த வரிசையில் இருக்கிறவர்களுக்குக் குரல் கொடுப்போமே, அந்தக் குரலில் சொன்னேன்.

“எம் பேரு மருதாயி. நான் குடிக்கிறவ.”

பக்கத்தில் இருந்த பையன், “மெதுவாச் சொல்லுங்கம்மா, அந்த ரூமுக்குக் கேக்குது” என்றான்.

“கேக்கணும்னுதான்யா சொல்றேன். எம் புருசன் பேரு செல்லமுத்து. டிராக்டர் டிரைவரு. ஒரு சொட்டுத் தொட்டதில்ல. மேடையில விழுந்தது நானு. எம் மகள அடிச்சது நானு. அந்த மனுசன் என்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுன்னே வாழ்ந்துட்டுப் போயிட்டாரு. போயி மூணு வருசமாச்சு.”

அந்தப் பக்கத்திலிருந்து அழகியின் குரல் மட்டும் கேட்டது. “அடிப் பாவி மவளே!” கிளாஸை ணங்கென்று வைத்தாள். இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதற்குப் புருசனைப் பற்றிக் கத்துகிறேன் என்று விளங்கவில்லை. ஜெபக்குமார் வாசல் நிலையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். முதலில் அந்தப் பெரியவர்தான், “வணக்கம் மருதாயி” என்றார். அங்கே பேர் சொன்னால் அப்படித்தான் திருப்பிச் சொல்வார்களாம். ஒவ்வொருத்தராக மற்றவர்களும் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை.

கிளம்பும்போது இடது பக்கக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தட்டவில்லை. அவர்கள் திட்டுவதற்கு என்னிடம் பாக்கி இருக்கிறது, ஒருநாள் போய் வாங்கிக்கொள்வேன். பொட்டை எடுக்கவில்லை. அது எனக்காக வைத்தது, இருக்கட்டும். வருகிற ஞாயிறும் அதே நாற்காலிக்குத்தான் போவேன். நீ சொல்லித்தான் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சேலையைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. ஊர்ப் பொம்பளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா, எழவுக்காப் போறீக?”

“ஆமாய்யா.”

“ஆரு?”

“எம் புருசன்.”

“அய்யய்யோ. எப்ப?”

“இப்பத்தான்” என்றேன்.

மருதாயி